செம்பாட்டானின் மேசை

அத்தியாயம் பதினொன்று

"கல்வெட்டு அச்சடிச்சு முடிஞ்சுதாம். போய் எடுத்துக்கொண்டு வாறம், அம்மா."

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் தகப்பனும் மகளும் காலை ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்கினார்கள். பொய்யைச் சொன்னவள் தர்சிகா. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றவர் பரமலிங்கம். நாளைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கவேண்டிய அந்த நினைவுப் புத்தகங்கள் இருநூறும் நேற்றுப் பின்னேரமே வந்துவிட்டன. தர்சிகாவின் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு இருந்தன.

குசினிக்குள் பயறு வறுத்துக்கொண்டிருந்த குணலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. "வெயிலுக்கு முன்னம் வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

நிருஷன் போய் இன்று முப்பதாம் நாள். நாளை விடிந்தால் முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரை. மகனுக்குத் தகப்பன் அந்தியேட்டி செய்யவேண்டிய கொடுமை அந்த வட்டுக்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தது. சாம்பலைக் கடலில் கரைக்கும்போது நிருஷன் படம் கீறிய பெரிய கொப்பியையும் சேர்த்து விட்டுவிடவேண்டும் என்று குணலட்சுமி முடிவு செய்து, அதை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அந்தப் படப் பைத்தியம்தான் பிள்ளையைக் கொண்டுபோனது என்பது அவள் பேச்சு.

அந்தத் துணிக்குள் இப்போது இருந்தது தர்சிகாவின் பழைய பூகோளப் புத்தகம். கொப்பி பரமலிங்கத்தின் கமக்கட்டுக்குள் இருந்தது.

காரணம், தர்சிகா போன கிழமை ஃபோனில் கண்ட ஓர் அறிவித்தல். வடமராட்சி மங்கா ஒன்றுகூடல், சனிக்கிழமை, நெல்லியடி. மங்கா என்றால் யப்பான் பாணிப் படக்கதை. அதன் கீழே ஒரு வரி: 'செம்பாட்டான் வரையும் "தண்ணி மாறுறவன்" மூன்றாம் பாகம் அன்று மேசைக்கு வரும்.' செம்பாட்டான் என்பது அண்ணை தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். செத்தவனுக்கு அங்கே ஒரு மேசை போட்டுக் காத்திருக்கிறார்கள். யாராவது போய்ச் சொல்லவேண்டாமா?

தகப்பனிடம் பயந்து பயந்துதான் கேட்டாள். பேச்சு விழும் என்று நினைத்தாள். அவர், "நானும் வாறன்" என்றார்.

ஏன் வருகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நமக்குத் தெரியும். அந்த மனிதருக்கு ஒரு கேள்வி இருந்தது. மூன்று கிழமையாக அதை ஒருவரிடமும் கேட்காமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

*

யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பருத்தித்துறை பஸ் ஏறினார்கள். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று போகும்வரை பரமலிங்கம் இரண்டு பக்கத்துத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். யாருடைய வெங்காயம் மஞ்சள் பிடித்திருக்கிறது, யார் தண்ணீர் குறைத்து விட்டிருக்கிறார் என்று கண் தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. துக்கம் வந்தாலும் தோட்டக்காரன் கண் தோட்டத்தில்தான் போய் நிற்கும்.

ஆவரங்கால் கழிந்து வல்லைவெளி வந்தது. இரண்டு பக்கமும் வெட்டை. உப்புக்காற்று யன்னலால் அடித்தது.

"எந்த இடம்?" என்று கேட்டார்.

"வேண்டாம், அப்பா."

"கேட்டால் சொல்லு."

"அந்தப் பாலத்துக்கு இஞ்சாலை. டிப்பர் எதிர்ப்பக்கத்தாலை வந்ததாம்."

பரமலிங்கம் எழுந்து நின்றார். பஸ் ஓடும்போது ஏன் இந்த மனுஷன் எழும்புகிறார் என்று கொண்டக்டர் பார்த்தான். அந்த இடம் கழியும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு மறுபடி இருந்தார். தர்சிகா யன்னல் பக்கம் திரும்பிச் சால்வையால் முகத்தைத் துடைத்தாள்.

நிருஷன் செத்த அன்று காலை எட்டு மணிக்கு நடந்தது இதுதான். தண்ணீர் மாற வரச்சொல்லி மகனை மூன்று தரம் கூப்பிட்டார். அவர் தண்ணீர் இறைக்கும் மெஷினடியில் நிற்க, நிருஷன் பாத்தி பாத்தியாய் மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடவேண்டும். அவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் கொப்பியை வைத்துக் கீறிக்கொண்டிருக்கிறான். "உன்ரை படம் வந்து தண்ணி மாறுமோ?" என்று கேட்டார். "இனி உங்கடை தோட்டத்துக்கை நான் கால் வைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, கொப்பியைக் கட்டிலில் எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வல்லைவெளியில் கிடந்தான்.

எட்டாம் நாள் பரமலிங்கம் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து மெஷின் கொட்டிலுக்குள் இருந்து பார்த்தார். பென்சில் படங்கள். வசனம் எழுதும் குமிழிகள் எல்லாம் வெறுமை. முகங்கள் ஒன்றும் கீறப்படவில்லை. ஆனால் தோட்டம் அவருடைய தோட்டம். கிணற்றுக் கட்டில் வெடிப்புக்கூட அப்படியே இருந்தது.

முதலில் சில தாள்கள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு ஒரு முதியவனும் ஒரு வாலிபனும் வெங்காயப் பாத்தியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வாலிபன் மண்வெட்டியை முதியவன் கையில் கொடுக்கிறான். அடுத்த தாளில் இருவருக்கும் நடுவே ஒரு பாத்தி. அடுத்ததில் மூன்று பாத்தி. அடுத்ததில் வாலிபன் வரம்போரம். தாள் திரும்பத் திரும்பச் சின்னவனாகிப் போனான். கடைசித் தாளில் முதியவன் மட்டும் தனியே நின்றான்.

பரமலிங்கம் கொப்பியை மூடிவிட்டு வாய்விட்டு அழுதார். பிள்ளை தன்னை விட்டுப் போவதென்று முன்னமே முடிவு செய்து, அதைக் கீறியும் வைத்துவிட்டான். என் வாயால் அவனை விரட்டினேன், அவன் விட்டு ஓடும் வழியில் செத்தான். அன்றிலிருந்து அவர் நம்பியது இதைத்தான். அது உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் அந்த ஒன்றுகூடலில்தான் இருப்பார்கள்.

*

நெல்லியடிச் சந்தியிலிருந்து நடந்துபோய் இடத்தைக் கண்டதும் பரமலிங்கம் தெருவிலேயே நின்றுவிட்டார்.

அது ஒரு கோயிலின் கல்யாண மண்டபம். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் ஒரே படலை.

"நாங்கள் உதுக்குள்ளை போகேலாது" என்றார்.

"அப்பா, கோயிலுக்கை போகேல்லை. மண்டபத்துக்கைதானே."

"செத்தவீட்டுத் துடக்கு, பிள்ளை. நாளைக்குத்தான் கழியுது. வாசல் ஒண்டு. உன்ரை அண்ணைக்காகச் செய்யிற காரியத்திலை நான் பிழை விடமாட்டன்."

தர்சிகா வாதாடவில்லை. இருவரும் தெருவுக்கு மறுபக்கம் போய்ப் பூவரச மரத்தின் கீழே நின்றார்கள். படலைக்குள்ளால் உள்ளே கொஞ்சம் தெரிந்தது. ஐம்பது அறுபது பிள்ளைகள் இருப்பார்கள். மேசைகளில் கையால் கீறிய படங்கள், சட்டையில் குத்தும் வட்டத் தகடுகள், மடித்துத் தைத்த சின்னப் புத்தகங்கள். ஒரு பெட்டை யப்பான் பள்ளிக்கூட உடுப்பு மாதிரி ஒன்றைத் தைப்பித்துப் போட்டிருந்தாள். ஒருவன் முதுகில் வெள்ளிக் கடதாசி ஒட்டிய வாள். ஓரமாக ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் வைத்த மேசை. செத்தவீட்டிலிருந்து வந்த கண்ணுக்கு அந்தச் சந்தோஷம் கூசியது.

"உவையளோடைதான் திரிஞ்சவனோ?"

"ஒருத்தரையும் நேரை கண்டதில்லை, அப்பா. எல்லாம் ஃபோனிலைதான். அவன்ரை சொந்தப் பேர்கூட உவைக்குத் தெரியாது."

அப்போது நீலநிறச் செயற்கைத் தலைமயிர் வைத்த பையன் ஒருவன் படலைக்கு வெளியே வந்தான். பரமலிங்கத்தைப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். தெருவைக் கடந்து கிட்ட வந்து, தலையில் கட்டியிருந்த துவாயையும் இடது காதடியில் இருந்த பழைய தழும்பையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி?"

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள்தானோ தண்ணி மாறுறவர்?"

பரமலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓம், தோட்டந்தான் செய்யிறன். நீர் ஆர்?"

பையன் திரும்பி ஓடினான். ஒரு நிமிஷத்துக்குள் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவனும் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தியும் வேகமாக வந்தார்கள். இளைஞன் சிவதர்ஷன், ஒன்றுகூடலை நடத்துகிறவன். பெண்ணின் பெயர் தனுஷிகா. அவள் கையில் இரண்டு சின்னப் புத்தகங்கள் இருந்தன. மேல் புத்தகத்தின் மட்டையில் பரமலிங்கத்தின் முகம் இருந்தது.

துவாய், தழும்பு, பக்கத்தில் மண்வெட்டி. படத்தில் அவர் ஒரு காதை நிலத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, செம்பாட்டான் உங்கடை மகன்தானே?" தனுஷிகாவின் முகம் மலர்ந்திருந்தது. "படத்திலை இருக்கிற மாதிரியே இருக்கிறியள். அவர் வரேல்லையோ? ஒரு மாதமா மெசேஜும் பாக்கிறாரில்லை. என்னோடை கோவமாக்கும் எண்டு நினைச்சன். அவர் படம் கீற நான்தான் வசனம் எழுதிறனான். பிந்திப்போச்சு, அதுதான்."

தர்சிகா தகப்பனைப் பார்த்தாள். அவள்தான் சொல்வதாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது சொற்களை அடுக்கி வைத்திருந்தாள்.

பரமலிங்கம்தான் சொன்னார். "மகள், நாளைக்கு அவனுக்கு முப்பத்தொண்டு."

யாழ்ப்பாணத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தனுஷிகா கையிலிருந்த புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். சிவதர்ஷன், "எப்ப ஐயா, எங்கை?" என்று கேட்டான். வல்லைவெளி என்று சொன்னதும் அவன் தலையில் கையை வைத்தான். அந்த விபத்தை நெல்லியடி முழுக்க அறிந்திருந்தது. 'பரமலிங்கம் நிருஷன்' என்ற பெயரில் ஒட்டிய மரண நோட்டீசைத் தனுஷிகா தினமும் கடந்துதான் வேலைக்குப் போனாள். அது தன்னோடு இரண்டு வருஷமாகக் கதை எழுதியவனின் பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"உள்ளை வந்து இருங்கோ, ஐயா" என்றான் சிவதர்ஷன்.

"துடக்கு, தம்பி. இஞ்சை நிக்கிறம். நீங்கள் போய் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

சிவதர்ஷன் உள்ளே போனான். ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்த யப்பான் பாட்டு நின்றது. பிறகு நான்கு பையன்கள் ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு படலையால் வெளியே வந்து, தெருவைக் கடந்து பூவரசடியில் வைத்தார்கள். இரண்டு கதிரை வந்தது. மேசையில் ஒட்டியிருந்த கடதாசியில் 'செம்பாட்டான்' என்று எழுதியிருந்தது. பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். நீலத் தலைமயிர்ப் பையன் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

தெருவால் போன ஒரு முதியவர் சைக்கிளை விட்டிறங்கி, என்ன விஷயமென்று தெரியாமலே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

*

"அந்தக் கொப்பியோ?" என்று தனுஷிகா கேட்டாள். அழுது முடித்திருந்தாள். குரல் இன்னும் சரியாகவில்லை. "மூண்டாம் பாகத்தை ஃபோனிலை ஒண்டு ரெண்டு பக்கந்தான் காட்டினவர். பாக்கலாமோ, ஐயா?"

பரமலிங்கம் கொப்பியைக் கமக்கட்டிலிருந்து எடுக்கவில்லை.

"அதிலை பாக்க ஒண்டுமில்லை, பிள்ளை. நான் பாத்திட்டன்." அவர் குரல் இறங்கியது. "என்னை விட்டிட்டுப் போறதைத்தான் கீறி வைச்சிருக்கிறான். அண்டைக்கு நான் பேசினனான். அவன் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன். நான் உங்களிட்டைக் கேக்க வந்தது ஒண்டுதான். வீட்டை விட்டிட்டு வாறன் எண்டு உங்கள் ஒருத்தருக்காவது சொன்னவனோ?"

தர்சிகாவுக்கு அப்போதுதான் தகப்பன் ஏன் வந்தார் என்று விளங்கியது. இதையா இத்தனை நாள் தனியே சுமந்தார்? அவள் அவர் தோளைப் பிடித்தாள்.

தனுஷிகா நெற்றியைச் சுருக்கினாள். "விட்டிட்டுப் போறதோ? மூண்டாம் பாகத்திலை மகன் திரும்பி வாறதுதான் கதை."

"நான் பாத்தனான், பிள்ளை."

"ஒருக்கால் தாங்கோ, ஐயா."

அவர் தந்தார். அவள் கொப்பியை மேசையில் வைத்து, தேவாரப் புத்தகம் திறக்கிற மாதிரித் திறக்காமல், பின்மட்டையைப் பிடித்து வலப்பக்கமாகத் திறந்தாள்.

"நீங்கள் எந்தப் பக்கத்தாலை பாத்தனீங்கள்?"

"முன்னாலைதான். எல்லாப் புத்தகமும் பாக்கிற மாதிரி."

"மங்கா மற்றப் பக்கத்தாலை, ஐயா. யப்பானிலை வலப்பக்கமிருந்து இடப்பக்கம்தான் வாசிப்பினம். அவரும் அப்பிடித்தான் கீறுவார்." அவள் அச்சான முதல் பாகத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். "நீங்கள் முடிவிலையிருந்து தொடக்கத்துக்குப் பாத்திருக்கிறியள்."

பரமலிங்கம் கதிரையில் இருந்தார். சேட்டுப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். தனுஷிகா தாளைத் திருப்பினாள்.

முதல் தாளில் முதியவன் தோட்டத்தில் தனியே நின்றான். அடுத்த தாளில் தூரத்து வரம்பில் ஒரு சின்னப் புள்ளி. அடுத்ததில் அது ஆளாகியது. அடுத்ததில் வரம்பைக் கடந்தான். வெங்காய இலைகளுக்குள் கால் மறைய, மூன்று பாத்தி தள்ளி வந்துவிட்டான். அதே படங்கள்தான். ஒரு கோடும் மாறவில்லை. எட்டாம் நாள் கண்ணீரோடு அனுப்பிவைத்த பிள்ளை, தாளுக்குத் தாள் பெரியவனாகி அவரிடம் வந்துகொண்டிருந்தான்.

கடைசிப் படத்தில் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். மகன் தகப்பன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணி மாற வந்திருக்கிறான்" என்றார் பரமலிங்கம். அதற்குமேல் அவரால் இருக்க முடியவில்லை. மேசையில் தலையை வைத்து அழுதார். ஐம்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை. இத்தனை நாளும் அழுதது மகன் போனதற்காக. இன்றைய அழுகை வேறு. வந்துகொண்டிருந்தவனைப் போகிறவன் என்று மூன்று கிழமையாக நினைத்த பாவத்துக்காக அழுதார்.

தனுஷிகா காத்திருந்தாள். பிறகு அந்தக் கடைசிப் படத்தில் முதியவனின் தலைக்கு மேல் இருந்த வெறுங்குமிழியைத் தொட்டாள்.

"இதிலை தகப்பன் ஒண்டு சொல்லவேணும். நான் ஒரு வசனம் எழுதி அனுப்பினனான், 'என்னை மன்னிச்சுக்கொள், மகன்' எண்டு. அவர் வேண்டாம் எண்டிட்டார்." ஃபோனைத் தர்சிகாவிடம் நீட்டினாள். "தங்கச்சி, நீர் வாசியும். என்னாலை ஏலாது."

தர்சிகா வாசித்தாள்.

"'என்ரை அப்பா உப்பிடிக் கதைக்கமாட்டார். அவர் உண்மையா என்ன சொல்லுவார் எண்டு எனக்கே தெரியேல்லை. பின்னேரம் வீட்டை போய் அவரையே கேட்டு எழுதுவம். அதுவரைக்கும் அந்த இடம் வெறுமையா இருக்கட்டும்.'"

"எப்ப அனுப்பினவன்?"

தர்சிகா திரையைப் பார்த்தாள். "அண்டைக்குத்தான், அப்பா. காலமை பத்தேகால்."

எட்டு மணிக்குச் சண்டை. பத்தேகாலுக்கு இது. எங்கே போனாலும் பின்னேரம் திரும்பி வரத்தான் இருந்திருக்கிறான்.

பரமலிங்கம் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கொப்பியை இருபக்கமும் பிடித்துக்கொண்டு அந்தக் குமிழியையே பார்த்தார். சிவதர்ஷன் மெல்லக் கேட்டான். "ஐயா, நீங்கள் சம்மதிச்சால் நாங்கள் இதை அச்சடிக்கிறம். ஒரு கிழமை தந்தால் காணும். கொப்பியைப் பத்திரமாத் திருப்பித் தருவம்."

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது தர்சிகாவின் ஃபோன் அடித்தது. 'அம்மா' என்று விழுந்தது. அவள் பயந்துபோய்த் தகப்பனிடம் நீட்டினாள்.

"இஞ்சருங்கோ." குணலட்சுமியின் குரல் நிதானமாக இருந்தது. "துணிக்குள்ளை பூகோளப் புத்தகம் இருக்கு. கொப்பி எங்கை?"

"என்னட்டைத்தான், குணம்."

"அச்சகத்துக்கும் போகேல்லை. கல்வெட்டுப் பெட்டி கட்டிலுக்குக் கீழை கிடக்கு. எங்கை நிக்கிறியள்?"

"நெல்லியடியிலை." இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "உது கடலிலை விடுற கொப்பி இல்லை, குணம். அவன் எங்களை விட்டிட்டுப் போகேல்லை. பின்னேரம் வீட்டை வரத்தான் இருந்தவன். என்னை ஒரு கேள்வி கேக்க இருந்தவன். நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

வறுத்த பயறு கருகுகிறதோ என்னவோ என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது.

"அவன் வர இருந்தவன் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் குணலட்சுமி.

"என்னெண்டு தெரியும்?"

"என்னட்டைச் சொன்னவன். அண்டைக்கு அவனுக்கு ஃபோன் எடுத்தது நான். அப்பாவோடை கோவிக்காதை, திரும்பி வா எண்டு சொல்ல எடுத்தனான். மோட்டார் சைக்கிளிலை போறன் அம்மா, பேந்து கதைக்கிறன் எண்டவன். வைக்காதை, கேளடா எண்டு நான்தான் மறிச்சு மறிச்சுக் கதைச்சனான்." அவள் மூச்சு வாங்கினாள். "பின்னேரம் வருவன், அப்பாட்டைச் சொல்லுங்கோ எண்டவன். அதுக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் கேட்டனான். முப்பது நாளா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உந்தக் கொப்பியிலைதான் பிழை எண்டு எல்லாரும் நினைக்கட்டும் எண்டு இருந்தனான்."

பூவரசடியில் பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள். தர்சிகா தகப்பனின் முகத்தைப் பார்த்து, "அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டாள்.

"கேக்குதோ?" என்றாள் குணலட்சுமி. "ஏதாவது சொல்லுங்கோ."

பரமலிங்கம் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். மறுகை கொப்பியில் அந்த வெறுங்குமிழியின் மேல் இருந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் அங்கே காத்துக்கொண்டிருந்தாள்.